தரவுக்கும் ஓர் ஐசி எண்: ஆய்வுத் தரவை மேற்கோள் காட்டுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் சிலர், இறுதியாண்டு ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுவார்கள். நூல்களையும் கட்டுரைகளையும் மேற்கோள் காட்டுவதில் அவர்களுக்குப் பெரிய தடுமாற்றம் இல்லை. தரவு என்று வந்துவிட்டால்தான் சிக்கல். மழை அளவு, மண் சோதனை, பறவைக் கணக்கு, மரபணு வரிசை என்று எங்கிருந்தோ இறக்கிய ஒரு கோப்பை வைத்து இரண்டு அத்தியாயம் எழுதியிருப்பார்கள். மேற்கோள் பட்டியலைப் பார்த்தால் அந்தக் கோப்பைப் பற்றி மூச்சே இருக்காது. மிஞ்சிப்போனால் நன்றியுரையில் "தரவு இணையத்திலிருந்து பெறப்பட்டது" என்று ஒரு வரி. கேட்டால், "அடிக்குறிப்பில லிங்க் போட்டிருக்கேனேக்கா, போதாதா?" என்பார்கள்.

போதாது. லிங்க் என்பது ஒரு கோப்பு இன்றைக்கு எந்தக் கணினியில், எந்த அடைவில் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. தளத்தைப் புதுப்பித்தால், துறையின் பெயர் மாறினால், ஆய்வுத் திட்டத்துக்கு வந்த பணம் தீர்ந்துபோனால் அந்த முகவரி செத்துப்போகும். கோப்பு வேறெங்காவது பத்திரமாக இருக்கலாம், ஆனால் உங்கள் ஆய்வேட்டைப் படிப்பவருக்கு அது தெரியப்போவதில்லை.

"எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் அனுப்பிவிட மாட்டாரா?" என்று கேட்கலாம். இதைச் சிலர் செய்தே பார்த்திருக்கிறார்கள். 2014-இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வில், 2 முதல் 22 ஆண்டுகள் பழைய 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆசிரியர்களிடம் மூலத் தரவைக் கேட்டார்கள். கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூட, தரவு மிஞ்சியிருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைந்துகொண்டே போனது. அச்சான மின்னஞ்சல் முகவரியும் வருடத்துக்கு வருடம் வேலை செய்யாமல் போயிருந்தது. தரவு இருக்கிறது என்றவர்களில் சிலரிடம் அது இன்றைய கணினி படிக்காத பழைய வட்டுகளில் கிடந்தது.

இதற்கு அறிவியல் உலகம் கண்ட வழிதான் நிலையான அடையாள எண். நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துச் சொன்னால், அது தரவுக்குக் கொடுக்கப்படும் ஐசி எண், அதாவது அடையாள அட்டை எண்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் கைமாறியது, லயத்தை இடித்தார்கள், குடும்பம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தது. பிறகு அவர் வேலைக்காக ஷா ஆலாம் போய்விட்டார். முகவரி இரண்டு தடவை மாறிவிட்டது, ஐசி எண் மாறவில்லை. அந்த 12 இலக்கத்தின் நடுவில் 08 என்று இருந்தால் பேராக்கில் பிறந்தவர் என்று அர்த்தம். இப்போது பேராக்கில்தான் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. இப்போதைய முகவரி வேண்டுமென்றால் தேசியப் பதிவிலாகாவின் ஏட்டைத்தான் பார்க்க வேண்டும். அவர் போய் முகவரியை மாற்றாமல் விட்டால், கடிதமெல்லாம் இடிந்துபோன லயத்துக்குத்தான் போகும். தரவின் எண்ணுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும், அந்த 08 உட்பட.

இத்தகைய எண்களில் அதிகம் புழங்குவது டி.ஓ.ஐ. (டிஜிட்டல் ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபயர்). வேறு வகைகளும் உண்டு. அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் ஆர்க் என்ற ஒன்றைக் காணலாம். ஆனால் மாணவர்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் டி.ஓ.ஐ. என்பதால் அதையே பார்ப்போம்.

ஒரு பால்மரத்தின் எண்

தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் தெரிந்திருக்கும். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஒட்டு ரகம். அதன் மரபணுத் தொகுதியின் முதல் வரைவைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குழு 2013-இல் 'பி.எம்.சி. ஜீனோமிக்ஸ்' இதழில் வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் டி.ஓ.ஐ. இது:

10.1186/1471-2164-14-75

சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது முன்னொட்டு. 10 என்பது டி.ஓ.ஐ. குடும்பத்துக்கே உரிய தொடக்கம். 1186 என்பது அந்த எண்ணைப் பதிவு செய்த பதிப்பகமான பயோமெட் சென்ட்ரலுக்குக் கொடுக்கப்பட்டது. கோட்டுக்குப் பின்னால் இருப்பதைப் பதிப்பகம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இங்கே 1471-2164 என்பது அந்த இதழின் தொடர் எண், 14 தொகுதி, 75 கட்டுரை எண். வேறு பதிப்பகங்கள் அர்த்தமே இல்லாத எழுத்துகளைக் கலந்து போடுவதும் உண்டு. அதுவும் சரிதான், ஏனென்றால் இந்த எண்ணை யாரும் பிரித்துப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

பயோமெட் சென்ட்ரலை 2008-இல் ஸ்பிரிங்கர் வாங்கியது. கட்டுரை வந்த நாளில் அது பதிப்பகத்தின் பொதுத் தளத்தில் ஒரு முகவரியில் இருந்தது. பிறகு அந்த இதழுக்கென்றே தனித் தளம் வந்து முகவரி மாறியது. 2013-இல் யாராவது அந்தப் பழைய முகவரியை மட்டும் எழுதி வைத்திருந்தால், அது இன்றும் திறப்பது தளத்தை நடத்துபவர்களின் தயவு. டி.ஓ.ஐ.யை எழுதி வைத்தவருக்குக் கவலையில்லை. முன்னொட்டு இன்னமும் 10.1186தான். உரிமையாளர் மாறியதற்காக எண்ணை யாரும் மாற்றுவதில்லை. ஆகவே முன்னொட்டை வைத்து "இது இன்னாருடையது" என்று முடிவுகட்டாதீர்கள். ஐசியின் 08-ஐப் போல, முதலில் பதிவு செய்தது யார் என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

எண்ணைச் சொடுக்கினால் நடப்பது இரண்டே படிகள். முதலில் உலாவி டி.ஓ.ஐ. நிறுவனத்தின் தளத்துக்குப் போய், "இந்த எண்ணுக்கு இப்போது எந்த முகவரி?" என்று கேட்கிறது. அந்தத் தளம் தன் ஏட்டைப் பார்த்து அங்கே திருப்பிவிடுகிறது. இதற்கு அடியில் ஓடுவது ஹேண்டில் என்ற அமைப்பு. இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்த இருவரில் ஒருவரான ராபர்ட் கான் தொடங்கிய நிறுவனத்தில் உருவானது. டி.ஓ.ஐ.க்கென்று தனி அறக்கட்டளை 1998-இல் ஏற்பட்டது. 2012-இல் இது ஐ.எஸ்.ஓ. 26324 என்ற உலகத் தரமாகவும் ஆனது.

எண்களை வழங்கும் வேலையைப் பல முகவாண்மைகள் பிரித்துக்கொண்டிருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் கிராஸ்ரெஃப். தரவுக்கு டேட்டாசைட். டேட்டாசைட் 2009 டிசம்பரில் லண்டனில் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்பே, ஜெர்மனியின் ஹனோவர் நகரிலுள்ள தொழில்நுட்ப நூலகம் தரவுக்கு எண் கொடுக்கும் வேலையை ஆரம்பித்துவிட்டது. நூலகத்துக்காரர்கள் முந்திக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒரு பொருளை வைத்த இடத்தில் திரும்ப எடுக்க முடியவில்லை என்றால் முதலில் தூக்கம் கெடுவது அவர்களுக்குத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டி.ஓ.ஐ. என்பதாலேயே ஓர் எண் நிலைத்துவிடாது. தரவை வைத்திருக்கும் களஞ்சியம் இடம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஏட்டில் புது முகவரியை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் டி.ஓ.ஐ.யும் காலியான லயத்துக்குத்தான் கூட்டிப்போகும். அப்படிப்பட்ட எண்களும் இருக்கத்தான் செய்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், டி.ஓ.ஐ. வாங்கும்போதே அதைப் பராமரிப்பதாகக் களஞ்சியம் ஒப்புக்கொள்கிறது. வெறும் லிங்க் விஷயத்தில் யாரும் யாருக்கும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டுரை வேறு, தரவு வேறு

மேலே காட்டிய எண் கட்டுரையினுடையது, மரபணுத் தரவினுடையது அல்ல. இதில்தான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். தரவு ஜென்பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் தனியாக இருக்கிறது. அங்கே அதற்கு வேறொரு பதிவு எண் உண்டு. உயிரியல்காரர்கள் டி.ஓ.ஐ. வருவதற்கு முன்பிருந்தே இந்தப் பதிவு எண்களைப் பயன்படுத்திவருகிறார்கள். எண்ணுக்குக் கடைசியில் ஒரு புள்ளி வைத்து 1, 2 என்று பதிப்பும் வரும். நீங்கள் கட்டுரையைப் படித்து அதன் கருத்தை எடுத்திருந்தால் கட்டுரையை மேற்கோள் காட்டுங்கள். வரிசைக் கோப்பை இறக்கி அலசியிருந்தால் தரவையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இது வீண் சடங்கா? பால்மரத்தையே பாருங்கள். "ரப்பர் மரத்தில் எத்தனை மரபணுக்கள்?" என்று கேட்டால், 2013-இன் வரைவு 68,955 மரபணு மாதிரிகளைக் கணித்தது. அதே ஆர்.ஆர்.ஐ.எம். 600-ஐ ஜப்பானின் ரிக்கென் நிறுவனமும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து மறுபடி வரிசைப்படுத்தி 2016-இல் வெளியிட்டபோது 84,440 என்று வந்தது. அதே ஆண்டு சீனாவில் வேறொரு ரகத்தை வைத்துச் செய்த ஆய்வு 43,792 என்றது. மூன்றுமே முறையாக வெளிவந்த ஆய்வுகள். ரகமும் வேறுபடுகிறது, முறையும் வேறுபடுகிறது. "ரப்பர் மர மரபணுத் தரவு பயன்படுத்தப்பட்டது" என்று மொட்டையாக எழுதினால், எதை என்று தேர்வாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எண் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுதான் முக்கியம். அந்தக் காலத்துத் தோட்ட ஆபீசில் கிராணி (கணக்கெழுதும் குமாஸ்தா) தினமும் காலையில் மழைமானியைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். காலையில் மழை என்றால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. அதனால் அந்தக் கணக்கு ரொம்பக் கவனமாக எழுதப்பட்டது. பல ஆண்டு மழைக் கணக்கு ஒரு தட்பவெப்ப ஆய்வாளருக்குப் பொக்கிஷம். அவர் அதை வைத்துக் கட்டுரை எழுதுவார், பெயர் வாங்குவார். கணக்கெழுதியவரும், பூச்சி அரித்த புத்தகத்தைக் கணினியில் ஏற்றியவரும் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். தரவைச் சேகரிப்பதும் ஆய்வு வேலைதான் என்று சொல்லிக்கொண்டே, பாராட்டை மட்டும் கட்டுரைக்குக் கொடுத்துவந்த வழக்கம் இது.

2014-இல் வெளியான தரவு மேற்கோள் கூட்டறிக்கை இதைத்தான் முதலில் தொட்டது. ஆய்வுத் தரவையும் கட்டுரைக்குச் சமமான மதிப்போடு மேற்கோள் காட்ட வேண்டும், சேகரித்தவர்களுக்கு உரிய பெயர் போய்ச் சேர வேண்டும் என்பவை அதன் எட்டு நெறிகளில் முதல் இரண்டு. மேற்கோள் பட்டியலில் டி.ஓ.ஐ.யோடு போட்டால், அதை இயந்திரங்கள் எண்ணிக்கொள்ளும். தரவைக் கொடுத்தவர் தன் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கலாம். நன்றியுரையில் நீங்கள் எழுதும் உருக்கமான வரியை எந்த இயந்திரமும் எண்ணாது.

எழுதும் முறை

டேட்டாசைட் பரிந்துரைக்கும் வரிசை இது: தரவை உருவாக்கியவர், வெளியிட்ட ஆண்டு, தலைப்பு, பதிப்பு, வைத்திருக்கும் களஞ்சியம், இது தரவுத்தொகுப்பு என்ற குறிப்பு, கடைசியில் டி.ஓ.ஐ. கற்பனையாக ஒன்று எழுதிக்காட்டுகிறேன். பழைய மழைப் புத்தகங்களைத் தட்டெழுதி, ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

உங்கள் பெயர் (2024): சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் மழைப் பதிவு, 1961–1985. பதிப்பு 2. ஸெனோடோ. தரவுத்தொகுப்பு. அதன்பின் டி.ஓ.ஐ., முழு இணைய முகவரியாக.

உங்கள் துறையின் மேற்கோள் பாணிக்கு ஏற்ப முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் இடம் மாறலாம். அதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பதிப்பு என்ற அந்தச் சின்னச் சொல்லைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்து மழைப் புத்தகத்தில் கணக்கு அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். முதல் பதிப்பில் ஒரு மாதத்தை மட்டும் மாற்ற மறந்து, 8 அங்குலத்தை 8 மில்லிமீட்டர் என்றே போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். பெருமழைக் காலம் வறட்சிக் காலமாகிவிடும்! பிறகு திருத்தி இரண்டாம் பதிப்பு போடுகிறீர்கள். இடையில் முதல் பதிப்பைப் பயன்படுத்தியவர் அதைத்தான் பயன்படுத்தினேன் என்று எழுதியிருந்தால், அவருடைய முடிவு ஏன் விசித்திரமாக வந்தது என்பது பின்னால் வருபவருக்குப் புரியும்.

ஸெனோடோ போன்ற களஞ்சியங்கள் இதற்காகவே இரண்டு வகை எண்கள் கொடுக்கின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒன்று, எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஒன்று. பொது எண்ணைச் சொடுக்கினால் எப்போதும் கடைசிப் பதிப்புக்குத்தான் போகும். ஆய்வேட்டில் போட வேண்டியது நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் எண். பொது எண், "இப்படியொரு தொகுப்பு இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லும் இடத்துக்குச் சரி.

நாளுக்கு நாள் வளரும் தரவு என்றால்? பறவைக் கணக்கு அப்படிப்பட்டது. பேராக்கில் இருவாட்சி எங்கெல்லாம் தென்பட்டது என்று பார்க்க, கோப்பன்ஹேகனிலிருந்து இயங்கும் உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பான ஜி.பி.ஐ.எஃப். தளத்தில் தேடுகிறீர்கள். வரும் பதிவுகள் பல தொகுப்புகளிலிருந்து வந்தவை. அருங்காட்சியகம் ஒன்று கொடுத்திருக்கும், பறவை ஆர்வலர்களின் பட்டியல் இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மேற்கோள் காட்டினால் பட்டியல் ஆய்வேட்டைவிட நீண்டுவிடும். அதனால் நீங்கள் கணக்குத் திறந்து பதிவிறக்கம் செய்யும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பதிவிறக்கத்துக்கே ஒரு டி.ஓ.ஐ. கொடுக்கிறார்கள். என்ன தேடினீர்கள், எந்தத் தேதியில், எந்தெந்தத் தொகுப்பிலிருந்து எத்தனை பதிவு வந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும். அந்த ஒரே எண்ணைப் போட்டால், பங்களித்த எல்லாத் தொகுப்புகளுக்கும் கணக்குப் போய்ச் சேரும். திரையில் தெரிந்ததைக் கையால் நகலெடுத்து எக்செலில் ஒட்டியவருக்கு இந்த எண் கிடைக்காது. அப்படி ஒட்டியிருந்தால், முறையாக மறுபடி இறக்கிக்கொள்வதுதான் வழி.

எண்ணே இல்லாத தரவும் உண்டு. ஓர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிய கோப்பு, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணை. அதற்கு யார் கொடுத்தது, என்ன கோப்பு, எந்தத் தேதியில் கிடைத்தது என்று நேர்மையாக எழுதினால் போதும்.

உங்கள் சொந்தத் தரவுக்கு எண் வாங்குவதற்குக் காசு தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்குக் களஞ்சியம் இருந்தால் நூலகத்தில் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஸெனோடோ இருக்கிறது. ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்தும் களஞ்சியம், எந்தத் துறையினரும் பயன்படுத்தலாம். கோப்பை ஏற்றி, தலைப்பு, பெயர், விளக்கம், உரிமம் எல்லாம் நிரப்பினால் எண் கிடைக்கும். வெளியிடுவதற்கு முன்பே எண்ணை ஒதுக்கி வாங்கி, ஆய்வேட்டில் எழுதிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் வெளியிட்ட பிறகு "ஐயோ, வேண்டாம்" என்று நினைத்தபடி அழித்துவிட முடியாது. ஆகவே தோட்டத்து மக்களிடம் பேட்டி எடுத்த கோப்பு என்றால், பெயர், ஐசி எண், வீட்டு முகவரி எதுவும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். தகுந்த காரணத்துக்காகக் களஞ்சியமே ஒரு தொகுப்பை நீக்கினாலும், அந்த எண் "இங்கே இன்னது இருந்தது, நீக்கப்பட்டது" என்று சொல்லும் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் முறை.

எண் இருப்பதால் தரவு தரமானது என்று நம்பிவிடாதீர்கள். தப்புந்தவறுமான அட்டவணைக்கும் டி.ஓ.ஐ. வாங்கலாம். விளக்கக் குறிப்பைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நம் ஐசியில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று வரும். வெளிநாட்டுக் களஞ்சியங்கள் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். உழைத்தது மகள், மேற்கோளில் நிற்பது அப்பா. அடுத்த கட்டுரையில் வேறு மாதிரி எழுதினால் இரண்டு ஆட்களாகவே ஆகிவிடுவீர்கள். இதற்கு ஆர்கிட் என்ற 16 இலக்க எண் இருக்கிறது. 2012-இல் வந்தது, இலவசம். பெயரை எப்படி உடைத்துப் போட்டாலும் எண் ஒரே ஆளைத்தான் காட்டும். தரவை ஏற்றும்போது அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பட்டியலிலுள்ள ஒவ்வொரு டி.ஓ.ஐ.யையும் சொடுக்கிப் பார்ப்பது நல்லது. வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் எண்ணில் குற்றம் இருக்காது. வாக்கியத்தை முடிக்க வைத்த முற்றுப்புள்ளி முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் பி.டி.எஃப்.-இலிருந்து நகலெடுத்தபோது வரி உடைந்து நடுவில் ஓர் இடைவெளி நுழைந்திருக்கும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் திறக்கவில்லையா, டி.ஓ.ஐ. தளத்தின் பிழைப் பக்கத்திலேயே புகார் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கும். நிரப்பி அனுப்பினால் எண்ணைப் பதிவு செய்தவர்களுக்குத் தகவல் போகும்.